கூட்டு என்ற சொல்லுக்கு வந்த ஆபத்து

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அந்த நாட்டில் அப்போது யாரும் வாய் திறந்து பேசவில்லை, பெயர் எப்படி வெளியே வரும்? மழைக்காலத்தில் அரசரின் சொந்த மைத்துனனே பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு அவரைக் கொல்லப் பார்த்தான். சதி முறிந்தது, பயம் முறியவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே அரசருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். சந்தையில் மூவர் பேசினால் சிறை. கிணற்றடியில் பெண்கள் சிரித்தால் விசாரணை.

அவருடைய அவையில் மருதப்பன் என்றொரு விகடகவி இருந்தான். சிரிக்க வைப்பது அவன் வேலை. ஆறு மாதமாக அந்த வேலையே இல்லை. அரசரைச் சிரிக்க வைக்க முடியாத விகடகவியின் தலை எத்தனை நாள் தங்கும் என்று யோசித்துக்கொண்டேதான் தினமும் தலைப்பாகை கட்டுவான்.

ஒரு வியாழக்கிழமை ஏழு பெண்களைக் கயிற்றில் பிணைத்து அவைக்கு இழுத்து வந்தார்கள். அரண்மனையைப் பெருக்குகிறவர்கள். அமைச்சர் வில்லவராயர் ஓர் ஓலையை உயர்த்திக் காட்டினார்.

"அரசே, இது இவர்களிடம் கிடைத்தது. 'வெள்ளி விடியலில் முற்றத்தில் கூட்டு' என்று எழுதியிருக்கிறது. நாளை வெள்ளி."

"கூட்டு..." என்றார் அரசர். மைத்துனனின் ஓலைகளிலும் அந்தச் சொல் இருந்தது.

பெண்களில் மூத்தவளான சீராயி தரையில் விழுந்தாள். "சாமி, எங்களுக்கு எழுத்தே தெரியாதுங்க. வாசல்ல காட்டச் சொல்லி ஓலையைக் குடுத்தாங்க. நாளைக்குக் கூட்டச் சொன்னாங்க, இன்னைக்கும் கூட்டத்தான் வந்தோம். கையில தொடப்பக்கட்டைதான் சாமி இருந்துச்சு."

ஓலையை எழுதிக் கொடுத்த மேற்பார்வையாளர் தூணுக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றார். வாயைத் திறக்கவில்லை. மருதப்பனும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அரசே, கூட்டு என்றால் பெருக்கு என்றும் பொருள் உண்டு."

"சதிகாரர்கள் இரட்டைப் பொருளில்தான் எழுதுவார்கள்" என்றார் வில்லவராயர். அரசர் ஒருகாலத்தில் மருதப்பனோடு சிரித்த சிரிப்பெல்லாம் அமைச்சர் வயிற்றில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "இந்தச் சொல்லின் பொருளெல்லாம் இவனுக்குத் தெரியும் போலிருக்கிறது. இவனே அவற்றை ஒழித்துக்கட்டட்டும், அரசே."

அரசர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வீசினார்.

"மருதப்பா, கூட்டு என்ற சொல்லுக்கு எத்தனை பொருளோ, அதே பொருளில் எத்தனை சொல்லோ, அத்தனையும் நாளை சூரியன் மறைவதற்குள் இந்த அரண்மனையை விட்டு நீங்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் இந்த ஏழு தலையோடு உன் தலையும் உருளும். தடுப்பவன் யாராயினும் அவனுக்கும் அதே கதி."

மருதப்பன் வீட்டுக்குப் போனான். ஓலையை எடுத்துச் சொற்களை எழுதினான். அவை, படை, குழு, சுற்றம், இணை. துணை என்று எழுதும்போது எழுத்தாணி நின்றது. அந்த இடத்தில்தான் அவனுக்கு வழி தெரிந்தது. வழி தெரிந்ததும் பயம் இரண்டு மடங்கானது.

வெள்ளிக்கிழமை காலை மோதிரத்தோடு வேலையைத் தொடங்கினான். அவை என்றாலும் கூட்டம்தானே? அவையினரை ஆளுக்கொரு வாசலாக வீட்டுக்கு அனுப்பினான். காவற்படையைக் கோட்டைக்கு வெளியே நிறுத்தினான். இசைக்குழு போயிற்று. அரசரின் இலையில் வைக்கவிருந்த பூசணிக்காய்க் கூட்டையும் சமையற்காரரோடு வெளியேற்றினான். அரசி மட்டும் நின்று அவன் முகத்தைப் பார்த்தார்.

"நான் எந்தச் சொல்?"

"துணை, தாயே."

"நீ பிழைப்பாயா?"

"தெரியவில்லை, தாயே."

அரசி ஆற்றங்கரை மாளிகைக்குத் தனியே நடந்து போனார்.

வில்லவராயர்தான் அசையவில்லை. "நான் ஒரே ஆள். நான் ஏனடா போக வேண்டும்?"

"தங்கள் விருதுப் பெயர் என்ன, ஐயா?"

"அரசர்க்கு உறுதுணை!" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. சொன்ன பிறகுதான் உறைத்தது. மோதிரத்தைப் பார்த்தார். மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

பிற்பகலில் அரண்மனையில் அரசர் ஒருவர்தான். மருதப்பன் அவைக்கூடத்தின் வாசற்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வேப்பஞ்சருகு காற்றில் உருண்டது. ஏழு பேரும் சிறையில், பெருக்க யார்? சருகு சரசரத்த ஒவ்வொரு தடவையும் அரசர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் உருவிய வாள்.

"யாரங்கே?"

எங்கோ ஒரு சாளரக் கதவு அடித்துக்கொண்டது.

"யாரங்கே!"

"அடியேன், அரசே. வாசலில்."

"உள்ளே வா!"

"வந்தால் இருவராகிவிடுவோம், அரசே. அதற்குப் பெயர் துணை. இன்னும் சூரியன் மறையவில்லை." பயந்தவர் கையில் வாள் இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா?

அரசர் எழுந்தார். வாளோடு வாசலை நோக்கி வந்தார். காலடியில் சருகு நொறுங்கியது. அந்தச் சத்தத்துக்கே துள்ளி, சுற்றிச் சுழன்று, யாருமில்லாத தூணை நோக்கி வாளை நீட்டினார்.

"முதலில் யாரையாவது வரச்சொல்லி இந்தச் சனியனைக் கூட்டச் சொல்!" என்று கத்தினார்.

கத்தியது கூடம் முழுக்கத் திரும்பிக் கேட்டது. அரசரின் வாய் திறந்தபடியே நின்றது.

மருதப்பன் மெல்லச் சொன்னான். "அந்த ஓலையும் அதைத்தான் சொன்னது, அரசே."

மருதப்பன் கண்ணை மூடிக்கொண்டான். முதலில் இருமல் போல ஒரு சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தபோது அரசர் தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"கட்டளை ரத்து. உள்ளே வாடா."

வந்தான்.

"உனக்குப் பயமாக இல்லையா?"

"இப்போதும் இருக்கிறது, அரசே. தங்களுக்கு?"

"இருக்கிறது" என்றார் அரசர். "நீ வந்து நின்ற பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது."

அன்று மாலையே ஏழு பெண்களும் ஆளுக்கொரு புதுச் சேலையோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். வில்லவராயருக்குப் பதவி தங்கியது, விருதுப் பெயர் தங்கவில்லை. அவை மறுபடி கூடியதும் அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி மருதப்பனிடம் கொடுத்தார். கழுத்துக்குப் பின்னால் கொக்கி மாட்ட அவனுக்கு வரவில்லை. அரசரே அவன் பின்னால் வந்து மாட்டிவிட்டார். வாள் விழவிருந்த இடத்தில் விரல் பட்டதும் மருதப்பனுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அதைப் பார்த்து அரசர் மறுபடி சிரிக்க, அவையும் சிரித்தது. எல்லோருக்கும் கடைசியாக மருதப்பனும் சிரித்தான்.