ஏற்றத்தில் இழுக்காத வண்டி

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் கனகபாய் என்ற பெண்மணி ஒரு ஒர்க்‌ஷாப் நடத்தி வந்தார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி மட்டும்தான் பார்ப்பார். அவரிடம் தொழில் படிக்க சுயம்பு வந்து சேர்ந்தார். இருபது வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். கனகபாயைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஆனாலும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை, கியர் ஆயில் மாற்றிய வண்டி ஒன்றை ஓடவிட்டபடியே கனகபாய் அளவுக் கம்பியை உருவினார்.

"எஞ்சினை நிறுத்தலையே டீச்சர்?"

"நிறுத்தக் கூடாது."

"லாரியில எஞ்சின் ஆயிலை நிறுத்திப் போட்டுத்தானே பார்ப்போம்?"

கனகபாய் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். சிவப்பு எண்ணெய் மேல்கோட்டில் சரியாக நின்றது. எஞ்சினை நிறுத்தினார். சற்று நேரம் கழித்து மறுபடி எடுத்துக் காட்டினார். எண்ணெய் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது.

"ஒரு சொட்டுகூட ஊத்தல அண்ணாச்சி. ஓடும்போது உள்ள சுத்துற ஆயில், நின்னா கீழ வந்துரும். இந்த வண்டியெல்லாம் சூடா ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் பார்க்கணும்."

சுயம்பு அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

"நர்ஸம்மா வண்டி டீச்சர்," என்றார் மெதுவாக. "நீங்க சாமான் வாங்க நாகர்கோவில் போன அன்னைக்கு நான்தான் ஆயில் மாத்தினேன். நிறுத்திப் பார்த்தேன். கூடுதலா தெரிஞ்சுது. ஒரு லிட்டர் எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"ஏத்தத்துல வண்டி இழுக்கல, பின்னால உருளுதுன்னு அவங்களும் வீட்டுக்காரரும் திரும்பி வந்தாங்க. நான் திறந்துகூடப் பார்க்கல. வண்டியில ஒண்ணும் இல்ல சார், அம்மாவுக்குக் கால் வைக்கத் தெரியல, பொம்பளை கால் பட்டா ஆட்டோமேட்டிக்கும் அழும்னு சொன்னேன். டீ குடிக்க வந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

அன்றிலிருந்து நர்ஸ் ஜெசிந்தா வண்டி ஓட்டவில்லை. மலையில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார். அது கனகபாய்க்கும் தெரியும். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

"சும்மா செக் பண்றோம்னு வரச் சொல்லி, சத்தமில்லாம ஊத்தி விட்டுரட்டுமா டீச்சர்? வண்டி சரியாயிரும்."

"வண்டி சரியாயிரும். அவங்க கால்?"



கனகபாய் சொல்லியனுப்பியபடி ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வண்டி வந்தது. கணவர் வில்பிரட் ஓட்டி வந்தார். ஜெசிந்தா பின் சீட்டில் இருந்தார். கனகபாய் எண்ணெயை முகர்ந்து பார்த்தார். கருகல் வாடை இல்லை, உள்ளே கியர் கெடவில்லை. "கர்த்தர் காத்தார்," என்றார். ஓடவிட்டபடியே குறைந்ததை ஊற்றி, கோட்டுக்குக் கொண்டுவந்தார்.

சுயம்பு கைத்துணியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய் சார். அம்மா கால்ல ஒரு குறையும் இல்ல. ஆயில் அளவு பார்க்கத் தெரியாம நான்தான் குறைச்சுட்டேன்."

ஜெசிந்தா அவரைக் கோபமாகப் பார்த்திருந்தால் சுயம்பு தாங்கியிருப்பார்.

"ஒன்றரை மாசமா அடுப்படியில நிக்கும்போதெல்லாம் தரையில காலை அழுத்தி அழுத்திப் பார்ப்பேன் அண்ணே," என்றார் ஜெசிந்தா. "எந்த இடத்துல தப்பு பண்றேன்னு."

சுயம்பு தலையைக் குனிந்துகொண்டார்.

"விடுங்க மேஸ்திரி," என்று வில்பிரட் சிரித்தார். "ஒருவகையில நல்லதுதான். இவ ஓட்டினா எனக்கு வயித்தைக் கலக்கும். இனி நானே ஓட்டிக்கிறேன்." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

ஜெசிந்தா கீழே பார்த்தார்.

கனகபாய் கையை நீட்டினார். "சாவி குடுங்க சார். கியர் வேலை முடிஞ்சா ஏத்தத்துல ஓட்டிப் பார்க்காம நான் வண்டி விடுறதில்ல."

"நான் ஓட்டிக் காட்டுறேனே."

"தினம் மலையேறினது யாரோ அவங்க ஓட்டணும். குறை சொன்னது அவங்க. போச்சா இல்லையான்னு அவங்கதான் சொல்லணும்."

வில்பிரட் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சாவியை எடுத்தார். "நான் ஏற மாட்டேன்பா. பக்கத்துல யார் உட்காருவா?"

கனகபாய் சாவியை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். பிறகு சுயம்புவைப் பார்த்தார்.

சுயம்பு பதறி அருகில் வந்தார். "நான் எப்படி டீச்சர்? அவங்க முகத்தை என்னால நிமிர்ந்து பார்க்க முடியலையே."

ஜெசிந்தா அதற்குள் ஓட்டுநர் சீட்டில் ஏறி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"முகத்தைப் பார்க்க வேண்டாம் அண்ணாச்சி," என்றார் கனகபாய். "பெல்ட்டைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல உட்காருங்க."