ராணிச் செண்பகத்தின் பகல் தூக்கம்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தாலே சிரிக்கத் தயாராகிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதைக்குள் நாம் நுழைவதற்கு முன்பே இரண்டு பேர் தூக்கில் தொங்கிவிட்டார்கள். அதுவும் ஒரு செடிக்காக!

வெயில் மண்டையைப் பிளக்கும் அந்த நாட்டை ஆண்டவர் சேந்தவர்மர். அவருடைய மகாராணி காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் உட்கார்ந்து பேசும் முற்றத்தில் மன்னர் ஒரு செண்பகக் கன்றை நட்டார். அது பட்டுப்போனால் தோட்டக்காரனுக்குத் தூக்கு என்றும் ஆணையிட்டார்.

தினமும் உச்சிவேளையில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கன்றைப் பார்க்க வருவார். கத்திரி வெயிலில் இளங்கன்று இலையைத் தொங்கப் போடும், பொழுது சாய்ந்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும். மன்னருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "ஐயோ, தாகத்தில் துவள்கிறாளே!" என்று தம் கையாலேயே குடம் குடமாக ஊற்றுவார். அதுவோ களிமண் தரை. தண்ணீர் வடியாமல் அடியிலேயே தேங்கி வேரை அழுகவைத்தது. ராசா கைத் தண்ணீரை வேண்டாமென்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கன்று பட்டது, தோட்டக்காரன் தொங்கினான். அடுத்த கன்றும் பட்டது. அடுத்த தோட்டக்காரன் மருதனும் தொங்கினான்.

அரசவை விகடன் இடும்பனுக்குக் காரணம் தெரியும். வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் அவன். வேர் அழுகிய வாடை முற்றத்தில் அடித்தபோதே புரிந்துகொண்டான். ஆனாலும் உயிருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டான். மருதனைக் கொண்டுபோன அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிரதானி நாகதேவருக்கு இடும்பனைக் கண்டாலே வயிறு எரியும். மறுநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! எதற்கும் ஒரு வழி சொல்லும் நம் விகடரிடமே மூன்றாவது கன்றை ஒப்படைக்கலாமே."

மன்னர் இடும்பனைப் பார்த்தார். "நல்ல யோசனை. இடும்பா, அதைச் செடியாக நினைக்காதே. என் மகாராணியாகவே நினை. அவளுக்கு நடந்த உபசாரத்தில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. கன்று பட்டால் நீயும் தூக்குமேடைக்குத்தான் போவாய்."

"ஆணை மகாராஜா. மகாராணிக்குரிய முறைகளை யாரும் மீறக் கூடாதல்லவா?"

"நானே மீறமாட்டேன். இது என் வாக்கு."

இடும்பன் வேலையில் இறங்கினான். மகாராணி தரையில் உட்காரலாமா? மணலும் மக்கிய சாணியும் கலந்து மேடை கட்டி, அதன்மேல் கன்றை நட்டான். மெத்தை வேண்டுமே என்று தூரை ஒட்டாமல் சுற்றிலும் சருகு பரப்பினான். தலைக்குமேல் தென்னங்கீற்றில் பந்தல், பக்கங்களில் தட்டி. மகாராணி பக்கத்தில் குடிதண்ணீர் இருக்குமல்லவா? ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, காலையில் தண்ணீர் நிரப்பி மூடினான். தாகம் எடுத்தபோது வேர் தானே கசிவைக் குடித்துக்கொள்ளும்.

தண்ணீர் சுமந்து வந்தவள் மருதனின் மனைவி வேலம்மை. பானையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமாய்யா?"

"தெரியும் தாயி" என்றான் இடும்பன். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

உச்சிவேளையில் மன்னர் பொற்குடத்தோடு வந்தார். இடும்பன் தட்டியின் முன்னால் கைகட்டி நின்றான்.

"மகாராணி உறங்குகிறார். அந்தப்புரத்தில் பகல் உறக்கத்தின்போது மன்னரும் வாசலில் காத்திருப்பதுதானே இந்த அரண்மனை வழக்கம்?"

மன்னர் திகைத்தார். அதற்குள் நாகதேவர் கீற்றை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டார். "ஐயோ மகாராஜா! இலையெல்லாம் தொங்கிவிட்டது! தண்ணீர் கொடுக்காமல் கொல்கிறான் பாவி!"

மன்னரின் கண் சிவந்தது. கயிற்றோடு தூக்குப் போடுபவன் வந்து முற்றத்தில் உட்கார்ந்தான்.

இடும்பன் தட்டியை விட்டு அசையவில்லை. "வாக்கு, மகாராஜா. மகாராணி எழுந்திருக்கட்டும். பொழுது சாயும்போதும் இப்படியே இருந்தால் என்னைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்."

கொடுத்த வாக்கு மன்னரைக் கட்டிப் போட்டது. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். நேரம் நகரவே இல்லை. மேடையில் மணல் அதிகமாகிவிட்டதோ, பானை சரியாகக் கசியவில்லையோ என்று இடும்பன் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தான். நாகதேவர் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் மதிலுக்கு அப்பால் இறங்கியது. இடும்பன் தட்டியை எடுத்தான். இலைகள் விறைப்பாக நிமிர்ந்து நின்றன.

"மகாராணி எழுந்துவிட்டார். மன்னர் உள்ளே வரலாம்."

மன்னர் இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார். "பகல் தூக்கமா! அடேய், தூங்குகிறவளையா எழுப்பி எழுப்பித் தண்ணீர் ஊற்றினேன்!" தம் முத்து மாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். நாகதேவரும் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார்.

மன்னர் சிரித்தார், விகடனுக்குப் பரிசு கொடுத்தார் என்று இதை இங்கேயே முடித்துவிடுவார்கள். நடந்தது அத்தோடு முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மன்னர் குடத்தைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"அப்படியானால், முன்பு நட்ட கன்றுகள்? என் கையால்தானா..."

இடும்பன் தலை குனிந்தான். நாகதேவர் வானத்தைப் பார்த்தார். மூலையில் நின்ற வேலம்மைதான் வாயைத் திறந்தாள்.

"ஆமாஞ் சாமி. தண்ணி தேங்கி வேரு அழுகுதுன்னு எங்க வீட்டுக்காரரு தினமும் என்கிட்ட சொல்லிப் புலம்புவாரு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா கழுத்து போயிரும்னு பயந்தாரு சாமி. சொல்லாமயே போயிருச்சு."