டிராக்டர் மாப்பிள்ளை

“சாமி, ஒரு பழைய டிராக்டர் வாங்கப் போறேனுங்க. நல்ல வாக்கா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

தங்கமுத்து வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

மடத்து வாசலில் சாமி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்தான். அவர் காவி கட்டிய பிறகு இவன் ‘ங்க’ போட ஆரம்பித்துவிட்டான்.

“இப்ப எதுக்கு டிராக்டர்?”

“சகலை வாங்கிட்டானுங்க.”

சொல்லும்போதே வயிறு எரிந்தது. சகலை ராக்கியண்ணன் கோயில் நோம்பிக்குப் புது டிராக்டரில் மாமியாரை ஏற்றிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து மாமியார் வாயில் அவன் ‘டிராக்டர் மாப்பிள்ளை’. இவன் ‘மாட்டு மாப்பிள்ளை’. குடும்பமே சிரிக்கிறது. இவன் பெண்டாட்டியும் சேர்ந்துதான் சிரிக்கிறாள்.

“பணத்துக்கு என்ன பண்ணுவே?”

“கறவை மாடு ரெண்டையும் பேசி முடிச்சிட்டனுங்க. சாயங்காலம் வந்து ஓட்டிட்டுப் போயிருவாங்க.”

அந்தப் பாலில்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது. சாமிக்கும் அது தெரியும்.

“கிளட்ச் போனா என்ன செலவாகும்னு விசாரிச்சியா?”

“மாமியா இனி வாயைத் தொறக்க மாட்டாளுங்க.”

“இன்ஜினை இறக்கி வேலை பாக்கற மாதிரி வந்தா?”

“ராக்கியண்ணன் மூஞ்சியை அப்பப் பாக்கோணுமுங்க சாமி!”

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?”

“சாவியைத் திருகுன உடனே புடிச்சுக்கிச்சுங்க.”

“இன்ஜினைத் தொட்டுப் பாத்தியா?”

“நல்ல சூடுங்க. நான் வர்றேன்னு முன்னாடியே போன் பண்ணி…”

பாதியில் நிறுத்திவிட்டான்.

விற்கிறவன் முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். சூட்டில் எந்த வண்டியும் கிளம்பிவிடும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்ததைக் காலையில் கிளப்பினால்தான் கோளாறு தெரியும். ஊரில் வண்டி பார்க்கப் போகிற எல்லோருக்கும் இதைச் சொல்லி அனுப்புவதே தங்கமுத்துதான்.

“அடப்பாவி, என்னையே ஏமாத்தப் பாத்தானே! போகட்டுமுங்க. கரட்டுப்பாளையத்துல இன்னொண்ணு நிக்குது. ராக்கியண்ணன் வண்டியைவிடப் பெருசு. இப்பவே போயி அட்வான்ஸ் குடுத்து…”

சாமி எழுந்து வந்தார். மிளகாய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார்.

“நல்ல சூடு,” என்றார். “ஆறட்டும்.”