ஒச்சம்மா பேரம் பேசிய மழை

மேகங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், அவை எல்லாமே ஒரே உயரத்தில்தான் திரிந்தன. வாரம் ஒருநாள் கரட்டுப்பேட்டை என்ற சின்ன ஊரின் குன்றில் வந்து உட்கார்ந்து இளைப்பாறும். அதே நாளில் ஊரில் சந்தை கூடும்.

தமுக்கடிக்கும் ஒச்சம்மா விடிந்ததும் குன்றேறுவாள். வருகிற ஏழு நாளும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று மேகங்களைக் கேட்டுவந்து, சந்தை நடுவில் தமுக்கடித்துச் சொல்வாள். அதைக் கேட்டுத்தான் ஊர் விதைக்கும், துவைக்கும், காயப்போடும்.

கரட்டுப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு குணம். சந்தையில் வளர்ந்தவர்கள் அல்லவா, கொசுறு வாங்காமல் நகரமாட்டார்கள். ஒச்சம்மா மழையிலும் பேரம் பேசினாள்.

"மூணு நாள் பெய்யப்போறேன் தாயி" என்பார் கார்மேகம்.

"அநியாயமா இருக்குண்ணே. ஒரு நாள்னு முடி."

கார்மேகம் ஆள்தான் பெரியவர், யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. "சரி, ஒண்ணரை" என்று தலையாட்டிவிடுவார். பஞ்சுமேகம் பொதி பொதியாக நிழல் தருவதாகச் சொல்லும். போர்வைமேகம் படுத்தபடியே, "காலைல கொஞ்சம் மூடாக்கு" என்று கொட்டாவி விடும். கீற்றுமேகத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. மெலிந்த உடம்புக்காரி, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவளிடம் பேரம் பேச என்ன இருக்கிறது?

ஒரு மார்கழி. ஊரின் சோளக்கதிர் முழுவதும் அறுத்தாகிவிட்டது. களத்தில் பரப்பிக் காயவைத்து அடிக்க வேண்டும். நனைந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும், அடுத்த அறுவடைவரை ஊருக்குக் கஞ்சி இல்லை.

"நாலாம் நாள் வருவேன் தாயி. ரெண்டு நாள் நின்னு பெய்வேன்" என்றார் கார்மேகம்.

"வெளையாடாதண்ணே! ஏழு நாளும் நீ எட்டிப்பாக்கக் கூடாது."

"இல்ல தாயி, கடல்ல தண்ணி மொண்டுட்டேன்னா என்னால..."

"என் கூடப்பொறந்த அண்ணனா இருந்தா மாட்டேம்பியா?"

அந்த வார்த்தையில் பெரியவர் உருகிப்போனார். "சரி தாயி" என்றார்.

ஏழு நாளும் வெயில் என்று சந்தையில் தமுக்கு முழங்கியது. ஊர் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. களம் நிறையக் கதிர் பரப்பினார்கள்.

மூன்றாம் நாள் காலை. கடலுக்கு மேல் கார்மேகம் முனகினார். "சுமை தாங்கல. காத்து வேற கரைக்குத் தள்ளுது. வாக்குக் குடுத்துட்டேனே, என்ன பண்ணுவேன்?"

"நான் முன்னால ஓடிச் சொல்லிடுறேன். எனக்குத்தான் சுமையே இல்லையே" என்றாள் கீற்று.

"எங்கள முந்தணும்னா உச்சிக் காத்தைப் பிடிக்கணும் தங்கச்சி. அங்க கொடுங்குளிரு. ஒறைஞ்சு போவே. அப்பறம் எறங்கி வர முடியாது."

"களத்துல கெடக்கிறது ஒரு ஊரோட கஞ்சிண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிவிட்டாள்.

நண்பகலில் கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த ஒச்சம்மா நிமிர்ந்தாள். நீல வானத்தின் உச்சியில் வெள்ளைக் கீறல்கள். கீற்று கத்தியது காதுக்கு எட்டவில்லை. ஆனால் இவ்வளவு உயரத்தில் அவளை ஒச்சம்மா பார்த்ததே இல்லை. காரணம் இல்லாமல் போகமாட்டாள். கார்மேகம் ஏதோ சொல்லவந்ததும், தான் அதை முடிக்கவிடாததும் அவள் நினைவுக்கு வந்தன.

இப்போது தமுக்கடித்தால், தான் சொன்னதைத் தானே பொய் என்று ஒப்புக்கொண்டதாகும். மழை வராமல் போனாலோ ஊர் ஆயுசுக்கும் சிரிக்கும். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கதிரைப் பார்த்தாள். தமுக்கை எடுத்தாள்.

"நான் சொன்னது தப்பு! அண்ணன் வருவேன்னுதான் சொன்னாரு. நான்தான் வாய அடைச்சிட்டு வந்தேன். கதிர வாரிப் போர் போடுங்க!"

பக்கத்துக் களத்துக் கட்டாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏழு நாளுன்னு நீதானத்தா சொன்ன?"

"மொதல்ல வாரு, அப்பறம் என்னைய வையி!"

ஊர் அவளை வைதுகொண்டே வாரியது. கடைசிப் போருக்குச் சோளத்தட்டையால் கூரை வேயும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் பஞ்சுமேகம் பொதி பொதியாக வந்தது. பிறகு போர்வைமேகம் சூரியனை மூடியது. கடைசியில் கார்மேகம் அழுதுகொண்டே வந்து இரண்டு நாள் நின்று பெய்தார். ஒரு மணிகூட முளைவிடவில்லை.

அடுத்த சந்தை நாளில் ஒச்சம்மா குன்றேறினாள். கார்மேகம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிமே பேரம் இல்லண்ணே. நீங்க வாயே தொறக்க வேணாம். வர்றதை வானத்தைப் பாத்து நாங்களே தெரிஞ்சுக்கிறோம்" என்றாள். "கீத்து எங்க?"

அவர் மேலே காட்டினார். உறைந்த நூல்களாக அவள் உச்சியிலேயே நின்றுவிட்டிருந்தாள். ஒச்சம்மா நெற்றியில் கைவைத்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஒன்னைய ஒரு வாரங்கூடக் கேட்டதில்லையே தாயி" என்று அழுதாள்.

அன்றைக்கு வாய் மூடிய மேகங்கள் இன்றுவரை திறக்கவில்லை. வானிலை சொல்கிறவர்களும் அடித்துச் சொல்லாமல், பெய்யக்கூடும் என்றே சொல்லிப் பழகிக்கொண்டார்கள். அன்று தொட்டுத்தான் மழைக்கு ஒருநாள் முன்னதாகக் கீற்றுமேகம் தனியாக உச்சியில் ஓடி வருகிறது. அதைக் கண்டதும் நம் கை தானாக நெற்றிக்குப் போகிறதே, வெயிலை மறைக்க மட்டும் என்றா நினைத்தீர்கள்?