வெண்துறை மைதானத்தின் மேற்கு வாசல்

"டீச்சர், ஒரே கனவு திரும்பத் திரும்ப வருது" என்றார் கஸ்பார்.

ரெஜினாள் டீச்சர் உப்பளத்து வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலில் துணிப்பட்டை கட்டியிருந்தது.

"சொல்லுங்க சார்."

"மைதானம் கட்டி முடிஞ்சிருக்கு. இருபத்தைந்தாயிரம் நாற்காலி, எல்லாம் நீலம். கூரை கடல்மேல மிதக்கிற மாதிரி தெரியுது. நான் நட்ட நடுவுல நிக்கிறேன். வேற ஒரு ஆள் இல்லை."

"பயமா இருக்கா?"

"இல்லை. ரொம்ப அழகா இருக்கு. முழிச்ச பிறகுதான் பயமா இருக்கு."

டீச்சர் உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்பாருக்கு வயது ஐம்பத்தாறு. மைதானத்தைக் கட்டப்போகும் இன்ஜினியர். பாலங்கள் கட்டியவர், துறைமுகத்தில் தூண் இறக்கியவர். டீச்சருக்கு நாற்பத்தொன்றுதான். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பதினாறு வருடம் கால்பந்து ஆட்டங்களில் துணை நடுவராகக் கோட்டோரம் கொடி பிடித்து ஓடியவர். முழங்கால் போன பிறகு ஓட்டம் நின்றது. அதன் பிறகுதான் ஊரில் ஒவ்வொருவராக அவரிடம் வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அவர் பதில் சொன்னது குறைவு. வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

வெண்துறை அணி அந்த வருடம் நாட்டின் முதல்நிலை லீகுக்கு ஏறியிருந்தது. லீகில் ஒரு விதி உண்டு. இரண்டு வருடத்துக்குள் சொந்த மைதானம் வேண்டும், குறைந்தது பதினைந்தாயிரம் இருக்கைகளோடு. இல்லையென்றால் கீழே இறங்க வேண்டியதுதான்.

நகராட்சி நிலம் கொடுத்தது. ஒவ்வொரு படகும் மாதத்தில் ஒரு நாள் மீனை மைதானத்துக்கென்று ஒதுக்கியது. ஆனால் பெரிய பணம் வெளியூர் முதலீட்டாளர்களிடம் இருந்தது. அவர்கள் சார்பில் பத்ரிநாத் என்பவர் வருவார். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தியதே இல்லை.

மேற்குப் பக்கம் பன்னிரண்டு கண்ணாடி அறைகள் வேண்டும் என்று அவர் கேட்டார். ஏசி, சோபா, சாப்பாட்டு மேசை. ஓர் அறையை ஒரு கம்பெனி வருட வாடகைக்கு எடுக்கும். கடன் அதில்தான் அடையும்.

அறைகளுக்கு இடம் வேறெங்கும் இல்லை, அந்தப் பக்கத்து வாசல்களில்தான் இருந்தது. மூன்று மீட்டர் வாசல்கள் வரைபடத்தில் ஒன்றரை மீட்டர் ஆயின.

"எதுவும் ஆகாது டீச்சர். கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தாச்சு. எட்டு நிமிஷத்துல எல்லாரும் வெளியே வந்துடுவாங்கன்னு காட்டுது. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டா வேலை ஆரம்பம்."

"அப்போ போடுங்க."

கஸ்பார் எழுந்திருக்கவில்லை.

டீச்சர் கேட்டார். "ஆட்டம் முடிஞ்சா என்ன சார் நடக்கும்?"

"எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க."

"எப்படி?"

"வாசல் வழியா."

"எனக்குக் காட்டுங்க."

"இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கலையே டீச்சர்."

"காட்டுங்க" என்றார் டீச்சர்.

*

அது மார்கழி. சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் பள்ளியிலிருந்து கோடு போடும் வண்டியையும் நான்கு மூட்டை சுண்ணாம்புப் பொடியையும் கொண்டுவரச் செய்தார். வெற்று மணல்வெளியில் கஸ்பார் டேப்பைப் பிடித்து அளந்தார். டீச்சர் நொண்டிக்கொண்டே வண்டியைத் தள்ளினார்.

வரிசைகளைப் போட்டார்கள். படிகளைப் போட்டார்கள். படிகள் வந்து சேரும் நடைவழியைப் போட்டார்கள். கடைசியில் மேற்கு வாசல்களில் ஒன்று.

கஸ்பார் டேப்பை நீட்டினார். யாரும் சொல்லாமலே அவர் விரல் ஒன்றரை மீட்டரில் நின்றது.

டீச்சர் அங்கே கோடு போட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை கடலிலிருந்து பனி ஏறி வந்தது. டீச்சர் சொல்லியனுப்பியிருந்தபடி, கோயில் பூசை முடிந்து மக்கள் நேராக மணலுக்கு வந்தார்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்தார்கள். ஏலக்கூடத்திலிருந்து ஈரக் காலோடு வந்தார்கள். அந்த வாசலைப் பயன்படுத்தப் போவது ஆயிரத்து எண்ணூறு பேர் என்பது கணக்கு. வந்தது ஆயிரத்து இருநூறு பேர்.

பனிக்குள் வரிசை வரிசையாக மணலில் உட்கார்ந்தார்கள். பத்தடிக்கு அப்பால் இருப்பவர்கள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். எங்கோ ஒருவர் இருமினார். கட்டாத மைதானம் நிறைந்திருந்தது.

"நான் ஓரமா நின்னு நேரம் பார்க்கிறேன் டீச்சர்" என்றார் கஸ்பார்.

"உங்க சீட் எது?"

"நான் இன்ஜினியர். நான் எதுக்கு..."

"உங்க சீட் எது சார்?"

கஸ்பார் பதினான்காவது வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் மீன் விற்கும் செபஸ்தியாள், மடியில் காலி அலுமினியச் சட்டியோடு.

"ஏன் சார், நாம ஜெயிச்சோமா தோத்தோமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

"தோத்திருந்தா நான் சீக்கிரம் எந்திரிச்சிருப்பேன்."

டீச்சர் விசிலை மூன்று முறை ஊதினார். ஆட்டம் முடிந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. இல்லாத படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். ஒருவர் கோட்டை மிதித்துவிட, பின்னால் இருந்தவர்கள் "அவுட்" என்றார்கள். கால்பந்து ஊர் அது. கோடு என்றால் என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நடைவழிக்கு வந்தபோது நடை மெதுவாயிற்று.

பிறகு நின்றது.

கஸ்பார் முன்னால் இருந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவரின் மூச்சு அவர் கழுத்தில் பட்டது. செபஸ்தியாளின் சட்டி விளிம்பு அவர் விலாவில் அழுந்தியது. அவள் அதை உயர்த்தப் பார்த்தாள். கையை மேலே எடுக்க இடமில்லை.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"பரவாயில்லை."

கைக்கடிகாரத்தைப் பார்க்க நினைத்தார். அவர் கையும் மேலே வரவில்லை.

சிரிப்பு எப்போது அடங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆயிரத்து இருநூறு பேர் பேசாமல் நின்றார்கள். பனியில் எல்லாருடைய மூச்சும் ஒரே மூச்சாக ஏறி இறங்கியது. எங்கோ பின்னால் ஒரு பெண், "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். விடுவதற்கு யாரிடமும் வழி இல்லை.

அவருடைய இடது கால் பக்கத்தில் அந்தக் கோடு இருந்தது. நான்கு விரல் அகலம். வெள்ளைப் பொடி. அதற்கு அப்பால் கடல்வரை வெறும் மணல்.

கஸ்பார் அதைப் பார்த்தார். வியர்த்தது. கால் அசையவில்லை.

அவர் வெளியே வந்தபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. கடைசி ஆள் வெளியே வந்ததும் டீச்சர் கடிகாரத்தைக் காட்டினார். பதினோரு நிமிடம்.

"ஒரு எட்டு எடுத்து வெச்சு வெளியே வந்திருக்கலாமே" என்றார் டீச்சர்.

"எப்படி டீச்சர்? அங்கே சுவர் இருந்ததே."

சொல்லிவிட்டு கஸ்பார் மணலில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

*

திங்கட்கிழமை பத்ரிநாத் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"மேற்கு வாசல் ஒவ்வொண்ணும் மூணு மீட்டர் இருக்கணும் சார்" என்றார் கஸ்பார்.

"கம்ப்யூட்டர் எட்டு நிமிஷம்னு சொல்லுதே."

"நான் உள்ளே நின்னு பார்த்தேன்."

பத்ரிநாத் கேள்விப்பட்டிருந்தார். அவர் கேலி செய்யவில்லை. "கஸ்பார் சார், அது சுண்ணாம்புக் கோடு."

"உங்க வரைபடத்துல இருக்கிறதும் கோடுதான் சார்."

பத்ரிநாத் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "எனக்கு உங்கமேல வருத்தம் இல்லை. ஆனா அறைகள் இல்லாம எங்களால முடியாது."

அந்த வாரமே முதலீட்டாளர்கள் விலகினார்கள்.

*

இரண்டு வருடம் முடிந்தது. மைதானம் எழும்பவில்லை. வெண்துறை அணி கீழே இறக்கப்பட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் மூன்று பேர் வேறு அணிக்குப் போனார்கள்.

டீக்கடையில் கஸ்பார் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. சட்டி நிறைய மீன் இருக்க, செபஸ்தியாள் அவரிடம், "தீர்ந்துபோச்சு சார்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஒரு காலத்தில் அவருக்கென்று ஊளிமீன் எடுத்துவைத்தவள்.

கஸ்பார் உப்பளத்துக்குப் போனார்.

"நான் செஞ்சது சரிதானா டீச்சர்?"

"தெரியலை சார்."

"உங்க பேச்சைக் கேட்டுத்தானே..."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

உண்மைதான். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

டீச்சர் வரப்பில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கஸ்பார் உட்கார்ந்தார். பாத்தியில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. அடியில் உப்பு பூப்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் முழுவதும் அவர் தினமும் வந்தார். தினமும் அந்த இடம் காலியாக இருந்தது.

ஒரு நாள் கஸ்பார், "பதினாறாயிரம் நாற்காலி போதும்" என்றார்.

"ம்."

"கிழக்குப் பக்கம் கூரை வேண்டாம். புல்லுக்கும் வெயில் கிடைக்கும்."

"ம்."

அவர் வீட்டுக்குப் போய் வரைய ஆரம்பித்தார்.

*

மீனவர் சங்கம் பங்கு போட்டது. கூட்டுறவு வங்கி ஒன்று கடன் கொடுத்தது. அரசிடமிருந்து ஒரு பங்கு, இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, வந்தது. கஸ்பார் ஒவ்வொரு தூணுக்கும் கான்கிரீட் கொட்டும்போது பக்கத்தில் நின்றார். அவரிடம் யாரும் அதிகம் பேசவில்லை. சிமெண்ட் எவ்வளவு, கம்பி எத்தனை என்று மட்டும் பேசினார்கள். அணி இதற்குள் போராடி மறுபடியும் மேலே ஏறியிருந்தது.

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை பிற்பகல். பதினாறாயிரம் பேர். மேடையில் பலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கல்வெட்டில் இருபத்தொரு பெயர்கள் இருந்தன. கஸ்பாரின் பெயர் விட்டுப்போயிருந்தது.

அவர் உள்ளே போகவில்லை. மேற்கு வாசலுக்கு வெளியே, வெயிலில், கடிகாரத்தோடு நின்றார். உள்ளே கூட்டம் எழுப்பிய ஓசை அலைபோல் எழுந்தது, விழுந்தது. கடைசி நிமிடத்தில் வெகு உயரம் எழுந்து, சட்டென்று அறுந்தது. எதுவோ தவறிவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

விசில் கேட்டது. கஸ்பார் கடிகாரத்தை அழுத்தினார்.

வாசல் முழுக்க மக்கள் வந்தார்கள். தோளில் பிள்ளையோடு வந்தார்கள், ஊன்றுகோலோடு வந்தார்கள், மூன்று பேர் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். பெனால்டியை வலப்பக்கம் அடித்திருக்க வேண்டும் என்றார்கள். இடப்பக்கம் என்றார்கள். சண்டை போட்டுக்கொண்டே, கையை வீசிக்கொண்டே, ஒரு நொடிகூட நிற்காமல், அவரைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் பக்கமாகக் கரைந்து போனார்கள்.

கடைசியாக டீச்சர் நொண்டிக்கொண்டு வந்தார்.

"ஆறு நிமிஷம்கூட ஆகலை டீச்சர்."

"நல்லது சார்."

கஸ்பார் கடிகாரத்தைப் பையில் போட்டார். வெயிலில் அவர் முகம் சிவந்திருந்தது. பிறகு, அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"இந்த வாசலுக்காக அஞ்சு வருஷம் போச்சு. இவ்வளவு பேர் இதுவழியா நடந்து போனாங்க. ஒருத்தர்கூட இப்படி ஒரு வாசல் இருக்குன்னு நிமிர்ந்து பார்க்கலையே டீச்சர்."

டீச்சர் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"அப்போ அகலம் சரியா இருக்கு சார்" என்றார்.