ஆண்டவர் பானையில் கை வைத்தவள்

கேளுங்கள். தேரிக்காட்டுச் செம்மணலில் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை, பனைமரங்கள்தான் உண்டு என்றிருந்த காலத்திலே, ஞானவடிவு என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் யேசுவடியான் பனையேறி. ஊர் முழுக்க வேதத்துக்கு வந்தவர்கள், அதாவது கிறிஸ்தவர்களானவர்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சோறு பொங்க அரிசி அளந்ததும், பெண்கள் அதில் ஒரு பிடி அள்ளி மூலையிலிருக்கும் மண்பானையில் போடுவார்கள். அதற்குப் பிடியரிசி என்று பேர். பானைக்கு ஆண்டவர் பானை என்று பேர். அறுப்பின் பண்டிகையன்று வீட்டுக்கு ஒரு பானை கோயிலுக்குப் போகும். அதுவரை யார் பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்ல வரவில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அதே வருஷம் யேசுவடியான் பனையிலிருந்து விழுந்தான். இடுப்பு அசையவில்லை, காய்ச்சல் விடவில்லை.

ஞானவடிவு பானைக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். "ஆண்டவரே, இந்தப் பானைய வாய் நிறையக் கொண்டாந்து வைக்கேன். அவுகள மட்டும் என்கிட்டயிருந்து எடுத்துராதிரும்" என்று நேர்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு பயம் குடியேறியது. பானை குறைந்தால் புருஷனின் உயிரும் குறையும் என்று நினைத்தாள். எந்தப் பிரசங்கத்திலும் அப்படிச் சொல்லவில்லை, பயம்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. வீட்டு அரிசி தீர்ந்தது. ஊரே பனங்கிழங்கு தின்றது. அவளும் தின்றாள். பானையைத் தொடவில்லை.

பண்டிகைக்குச் சில வாரம் இருக்கையில், பஞ்சம் பிழைக்க வந்த ஒரு பெண் அவள் வீட்டுக்கு அடுத்த விடிலியில், அதாவது பதனீர் காய்ச்சும் ஓலைக்குடிசையில், வந்து விழுந்தாள். மாடத்தி என்று பேர். மடியில் பச்சைப்பிள்ளை. தாய்க்குப் பால் வற்றியிருந்தது.

ஊரார் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்ல. கிழங்கு கொடுத்தார்கள். அது அவள் வயிற்றில் நிற்கவில்லை. சோற்றுக்கஞ்சி குடித்தால்தான் பால் ஊறும் என்றார்கள். பஞ்சத்தில் அரிசிக்கு எங்கே போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டு மூலையிலும் அரிசி இருந்தது, ஆனால் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அது ஆண்டவருடையதாயிற்றே.

மாடத்தி வேலியைப் பிடித்துக்கொண்டு ஞானவடிவிடம் கேட்டாள். "அக்கா, கொஞ்சம் கஞ்சித்தண்ணி இருந்தாக் குடுங்க. பிள்ளைக்காகக் கேக்கேன்."

"இல்ல தாயி" என்றாள் ஞானவடிவு.

மறுநாளும் கேட்டாள். இல்லை என்றே பதில் வந்தது. மூன்றாம் நாள் மாடத்தி கேட்கவில்லை. ஞானவடிவு ஓடிப்போய்ப் பார்த்தாள். பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

திரும்பி வந்து பானைக்கு முன்னால் நின்றாள். "அவுகளக் கொன்னுராதிரும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி எடுத்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஓடிவந்து புருஷன் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வந்தது.

சாயங்காலம் ஒரு பிடி எடுத்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஓடிவந்து விரலை வைத்தாள். மூச்சு வந்தது.

மறுநாள் யேசுவடியானுக்குக் காய்ச்சல் அனலாய் ஏறியது. கண் செருகி என்னென்னவோ பிதற்றினான். ஞானவடிவு அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே எழுந்துபோய் இன்னொரு பிடி எடுத்தாள்.

புருஷனின் தங்கை பாக்கியத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். "மைனி, ஆண்டவர் பானையிலயா கை வைக்கீய? அண்ணன் கிடக்க கிடையில இப்பிடிச் செய்யலாமா?"

"பயமாத்தான் இருக்கு, பாக்கியம். ராத்திரி பகலாத் தூக்கமில்ல. ஆனா பிள்ள கண்ணு முன்னால கிடக்கே, நான் என்ன செய்யட்டும்?"

பண்டிகை வருமுன் பானையின் அடி தெரிந்துவிட்டது. யேசுவடியான் இன்னும் படுக்கையில்தான் கிடந்தான். பானையைக் கொண்டுபோனாலும் அவமானம், போகாவிட்டாலும் அவமானம். ஞானவடிவு காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

உபதேசியார் மாசிலாமணி ஒவ்வொரு பானையாக வாங்கிப் பீடத்தின் முன் வைத்தார். ஞானவடிவின் பானை கனமில்லாமல் வந்தது. உள்ளே பார்த்தார்.

"ஞானவடிவு, ஆண்டவருக்குள்ளது எங்கே?"

எலி தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. மெல்லத் திரும்பி, கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்த மாடத்தியின் மடியைக் காட்டினாள்.

"அந்தா இருக்கு ஐயா. பால் குடிச்சிக்கிட்டிருக்கு."

நிறைந்த பானை கொண்டுவந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை சப்பிக் குடிக்கிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. உபதேசியார் அந்தக் காலிப் பானையை மற்றப் பானைகளுக்கு நடுவே வைத்தார். அப்புறம் ஜெபத்தைத் தொடங்கினார்.

யேசுவடியான் பிழைத்தானா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? பிழைத்தான். பனையேற முடியவில்லை, தடி ஊன்றி நடந்தான். ஆனால் கொடுத்த கஞ்சிக்குக் கூலியாகப் பிழைத்தான் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். அவன் செத்துப்போயிருந்தாலும் இந்தக் கதையை இப்படியேதான் சொல்லியிருப்பேன்.

கண் முன்னே பசித்துக் கிடக்கிறவர்களுக்குக் கொடுப்பதுதான், கண்ணுக்குத் தெரியாத ஆண்டவர்மேல் நாம் வைக்கிற அன்பு.