போன மெயிலைத் திரும்ப எடுக்க முடியுமா?

வெள்ளகோவில் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. காலோடு வரும் பஞ்சுத் தூசி உள்ளே இருக்கிற மெஷின்களுக்கு ஆகாது. முதலாளியே வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

அதனால் அந்த அறைக்கு ஆலையில் 'ஆசிரமம்' என்று பெயர் விழுந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கும் மெஹரூன் 'குருவம்மா' ஆகிவிட்டாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பட்டம் கொடுத்தவர்கள் கேலிக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் பாஸ்வேர்டு மறந்து போய் வாசலில் நிற்கிறவன் கேலி பேசுவதில்லை.

ஆசிரமத்தின் மூத்த சீடர் குழந்தைவேலு, உற்பத்தி மேலாளர். ஐம்பத்தாறு வயது. எந்த மெஷினில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். நல்ல மனுஷன். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவர் கோபம் ஆறும்வரை எதிரில் நிற்கத் தெம்பு வேண்டும் என்று ஃபிட்டர்கள் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப் போனோடு வந்தார்.

"ஆபீஸ் மெயிலு இதுல வரோணும் அம்மிணி."

"உக்காருங்க சார். கால் மணி நேரம் ஆகும்."

"கால் மணி நேரமா? நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. சட்டுனு போட்டுக் குடு."

அந்த ஆலையின் மெயில் பழைய ஏற்பாடு. உள்ளே வருகிற மெயிலுக்கு ஒரு விவரம் கொடுக்க வேண்டும், வெளியே போகிற மெயிலுக்கு வேறு விவரம் கொடுக்க வேண்டும். மெஹரூன் முதல் பாதியை முடித்தாள். அவ்வளவுதான், பழைய மெயிலெல்லாம் போனில் வந்து கொட்ட ஆரம்பித்தது. குழந்தைவேலு போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"வருதல்ல? போதும்."

"இன்னும் பாதி இருக்குதுங்க சார்."

"வர்றது தெரிஞ்சாப் போதும் அம்மிணி."

"அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதுங்க."

அதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். போகிற போக்கில் எல்லாப் பிரிவுக்கும் ஓர் உத்தரவும் போட்டார். இனிமேல் சும்மா சும்மா எனக்குப் போன் பண்ணாதீங்க. எதுவா இருந்தாலும் மெயில்ல எழுதுங்க. அது என் சட்டைப் பையிலயே இருக்குது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். மெஹரூன் அவர் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அம்மிணி, போன மெயிலத் திரும்ப எடுக்க முடியுமா?"

"எப்பப் போனது?"

"நேத்து."

"முடியாதுங்க சார்."

குழந்தைவேலு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"யாருக்குப் போட்டீங்க?"

"முதலாளிக்கு."

"எதைப் பத்தி?"

"கனகவல்லியப் பத்தி."

கனகவல்லி லேப் பொறுப்பாளர். பதினேழு வருடமாக அந்த ஆலையின் நூலைச் சோதித்துக் கொடுக்கிறவர்.

"சனிக்கிழமை கரூருக்கு ஒரு லோடு போச்சு. நேத்துக் காலைல அவங்ககிட்ட இருந்து மெயிலு. தடிச்ச நூலும் மெல்லிசு நூலும் ஒரே பெட்டில கலந்து கெடக்குது, லோடத் திருப்பி அனுப்பறோம்னு. எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. கனகவல்லி சோதிக்காம விட்டுட்டா, வேணும்னே பண்றா, அடுத்த மில்லுக்காரனுக்கு வேலை பாக்கறாளோ என்னமோ, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்கன்னு எழுதிப்போட்டேன்."

"சரி."

"இன்னைக்கு டீ குடிச்சுட்டே பழைய மெயிலத் தள்ளித் தள்ளிப் பாத்தேன். அந்தக் குப்பைக்குள்ள இது கெடக்குது."

போனைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தார்.

"'சார், கரூர் லோடில் நூல் கலந்திருக்கிறது. தயவுசெய்து ஏற்ற வேண்டாம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.' சனிக்கிழமை மத்தியானம் போட்டிருக்கறா. நான் மண்டபத்துல பந்தில உக்காந்திருக்கறேன். வண்டி போயிருச்சான்னு நானே லோடுமேனப் போன்ல கேட்டேன், லேப் சீட்டு இன்னும் வரலைங்கன்னான். சீட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வண்டிய விடுறான்னேன்."

"கனகவல்லி அக்கா உங்களுக்குப் போன் பண்ணலையா?"

"பண்ணாதீங்கன்னு நாந்தான சொல்லிப்போட்டேன்."

மெஹரூன் தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"பத்து மணிக்கு முதலாளி வந்து உக்காந்ததும் மெயிலத்தான் பாப்பாரு. தப்பு என்னுதுன்னு நானே போய்ச் சொல்லிருவேன். அவ வேலை போகாது. ஆனா ஒருக்காப் படிச்சுட்டார்னா? அடுத்த மில்லுக்கு வேலை பாக்கறவளோங்கற சந்தேகம் அவளப் பாக்கறப்பெல்லாம் வருமே. நான் வாயால சொல்லி அத எப்படித் தொடைப்பேன்?"

கடிகாரத்தில் ஒன்பது இருபது.

"போனைக் குடுங்க சார்."

வாங்கிப் பார்த்தாள்.

"மேலே சிவப்பா ஒண்ணு நிக்குதே, இத நீங்க பாக்கலையா?"

"நேத்துல இருந்து நிக்குது. போனுன்னா என்னமாச்சும் நிக்கும்."

அவள் அதைத் தொட்டாள். ஒரு பட்டியல் திறந்தது. போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். மூன்று கடிதங்கள். முதலாவது முதலாளிக்கு. இரண்டாவது அதே கடிதம், வேலையாட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசருக்கு. மூன்றாவது நேற்றுச் சாயங்காலம் எழுதியது, மறுபடி முதலாளிக்கு: 'என் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லையே.'

"இதென்ன அம்மிணி?"

"அவுட்பாக்ஸ். போகாததெல்லாம் இங்கதான் நிக்கும்."

"போகாததுன்னா?"

"நீங்க அனுப்புனீங்க. அது போகல. வெளிய போற விவரத்த நான் இன்னும் போடவே இல்லைங்க சார். நீங்க பாதியில எந்திரிச்சுட்டீங்க."

"முதலாளி பாக்கல?"

"பாக்கல."

"பர்சனல்ல?"

"அவரும் பாக்கல."

"நெசமா?"

"நீங்களும் நானுந்தான் பாத்திருக்கறோம்."

குழந்தைவேலு, "முருகா" என்றார். அப்புறம் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் கண்ணில் தண்ணீர் வந்து, கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். என் குணம் தெரிஞ்சுதான வேணும்னே பாதியில விட்டே?"

வேறு குருவாக இருந்தால் புன்னகை செய்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார். ஆசிரமம் நாலு ஊருக்குத் தெரிந்திருக்கும்.

"நான் விடலைங்க சார். நீங்கதான் எந்திரிச்சுப் போனீங்க" என்றாள் மெஹரூன்.

"சரி, எப்படியோ. அத அழிச்சுப்போடு."

"எழுதுனது நீங்க. ஒருதடவை படிச்சுட்டு நீங்களே அழிங்க."

"படிக்கோணுமா?"

"சத்தமாங்க சார்."

குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு வணக்கம். நமது லேபில் பணிபுரியும் கனகவல்லி என்பவர்…"

நின்றுவிட்டார்.

"என்பவருன்னு எழுதியிருக்கறேன்" என்றார். "பதினேழு வருஷமா ஒரே கேன்டீன்ல சோறு திங்கறோம்."

"மேல படிங்க."

"முடியல அம்மிணி."

அவரே அழித்தார். ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மூன்றும் போன பிறகு மெஹரூன் வாங்கிச் சரிபார்த்தாள். பட்டியல் காலியாக இருந்தது.

"மிச்சப் பாதியப் போட்டுத் தர்றேன். இப்ப உக்காந்திருப்பீங்கல்ல?"

"வேண்டாம்."

"ஏனுங்க?"

"அந்த வழி அடைச்சே கெடக்கட்டும். வர்றது மட்டும் வந்தாப் போதும். இனி இந்தப் போன்ல படிப்பேன், பதில் போட மாட்டேன். என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் நல்லது."

பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட தெளிவு அவர் முகத்தில் இருந்தது. காதுகுத்து வீட்டில்கூட அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க மாட்டார்.

மெஹரூன் மறுக்கவில்லை. போனை அவர் கையில் கொடுத்தாள்.

"சரிங்க சார். கனகவல்லி அக்கா சனிக்கிழமையில இருந்து உங்க பதிலுக்குக் காத்துட்டு இருக்காங்க. வழி அடைச்சிருக்குதுன்னு நான் சொல்லிரட்டுங்களா?"

குழந்தைவேலு போனை அவள் மேஜைமேல் வைத்தார். எழுந்து, லேப் இருக்கிற பக்கம் நடந்தார்.